மறுகால் பாயும் டீசல்

என் சித்தப்பா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றி வருபவர். அவருடைய டீசல் லோடு வண்டி அதிகாலை 4 மணிக்கு வீட்டு வாசலில் ஒரே செல்ஃபில் எடுக்கும். மார்க்கெட்டில் மூட்டைகளை இறக்கி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினால் எடுக்காது. செல்ஃப் நன்றாகவே சுற்றும், எஞ்சின்தான் பற்றாது. நாலு பேர் தள்ளிவிட்டால் எடுத்துவிடும். தள்ள ஆளில்லாவிட்டால் இரண்டு மணி நேரம் நிழலில் போட்டு வைப்பார், அப்போதும் எடுக்கும்.

பேட்டரி மாற்றினார். டீசல் ஃபில்டர் மாற்றினார். ஒரு பட்டறையில், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். சூடானால் வேலைசெய்யாத சென்சார் உண்டு, அதனால் அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. அடுத்த பட்டறையில், டீசல் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் நாலு இன்ஜெக்டரையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றார்கள். ஒரு சீசன் மல்லிகைக் காசு அதில் போய்விடும். அதற்கு முன் ஒன்றை அளந்து பார்த்திருக்க வேண்டும்: டேங்குக்குத் திரும்பி வரும் டீசல் எவ்வளவு?

டேங்கிலிருந்து கிளம்பும் டீசல் முழுவதும் எரிவதில்லை. ஒரு பங்கு திரும்பி டேங்குக்கே வரும். பட்டறையில் ரிட்டர்ன் என்பது இதைத்தான். நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொண்டால் விஷயம் எளிது. வரத்துக்காலில் தண்ணீர் வந்து கண்மாய் நிறையும், மடை வழியே வயலுக்குப் போகும், மிஞ்சியது கலுங்கு தாண்டி மறுகால் பாயும். இப்போதைய காமன் ரெயில் எஞ்சினில், ரெயில் என்கிற தடித்த இரும்புக் குழாய்தான் கண்மாய். ஹை பிரஷர் பம்பு வரத்துக்கால், இன்ஜெக்டர்கள் மடைகள், ரிட்டர்ன் லைன் மறுகால். கலுங்கு உடைந்திருந்தால் எத்தனை மழை பெய்தாலும் கண்மாய் நிறையாது. அதைப் பார்க்காமல் வரத்து சரியில்லை என்று வாய்க்காலை வெட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்தக் கண்மாயின் அழுத்தம் மட்டும் நம் கற்பனைக்கு எட்டாதது. கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் (bar, அழுத்தத்தின் அலகு). 1997-இல் இந்த முறை கார்களில் விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு ரெயிலில் 1600 பார், 2000 பார் என்பதெல்லாம் சாதாரணமாகிவிட்டது. வண்டி ஐடிலில் நிற்கும்போதே 250, 300 பார் இருக்கும்.

சரி, மடையைத் திறப்பது யார்? இங்கேதான் ரிட்டர்னின் ரகசியம் இருக்கிறது. இன்ஜெக்டரின் நுனியில் உள்ள ஊசியை மின்காந்தம் நேரடியாகத் தூக்குவதில்லை. அத்தனை அழுத்தத்தை எதிர்த்துத் தூக்க அந்தச் சின்னக் காயிலுக்குப் பலம் போதாது. அதனால் டீசலின் அழுத்தத்தையே வேலை வாங்குகிறார்கள். ரெயிலிலிருந்து வரும் டீசல் இரண்டாகப் பிரியும். ஒன்று ஊசியின் நுனிக்குப் போகும். இன்னொன்று ஊசியின் தலைக்கு மேலே உள்ள ஒரு சிறு அறைக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம்தான். ஆனால் மேல்பக்கப் பரப்பு பெரியது, ஒரு ஸ்பிரிங்கும் இருக்கிறது. அதனால் ஊசி கீழே அழுந்தி மூடியிருக்கும். கரண்ட் பாய்ந்ததும் மேலறையின் வாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறு குண்டு விலகும். மேலறையில் டீசல் நுழையும் துளையைவிட வெளியேறும் துளை கொஞ்சம் பெரியது. இரண்டுமே கால் மில்லிமீட்டர் அளவில்தான். அறையின் அழுத்தம் சட்டென்று இறங்கும், கீழிருக்கும் அழுத்தம் ஊசியை எழுப்பிவிடும். டீசல் பீச்சும். மேலறையிலிருந்து வெளியேறிய அந்தச் சொட்டு டீசல் ரிட்டர்னில் சேரும்.

ஆகவே ரிட்டர்ன் வருவது கோளாறில்லை. மடை திறந்ததற்கான கூலி அது. அந்தக் குண்டு உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தால்தான் தொல்லை. ஆயிரம் பார் அழுத்தத்தில் கீறல் வழியே ஓடும் டீசல் அதை இன்னும் அரித்துப் பெரிதாக்கும். அப்புறம் பீச்சாத நேரத்திலும் ரிட்டர்ன் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

சித்தப்பா வண்டியின் புதிர் இப்போது அவிழ்கிறது. செல்ஃப் சுற்றும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200, 250 சுற்றுதான் ஓடும். பம்பின் வரத்து அப்போது சொற்பம். ரெயிலில் ஏறக்குறைய 200 பார் ஏறாமல் வண்டியின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்க விடாது. காலையில் டீசல் குளிர்ந்து கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் கீறல் வழியே அதிகம் போகாது. சூடானால் டீசல் நீர்த்துவிடும். 80 டிகிரியில் அதன் பாகுத்தன்மை 40 டிகிரியில் இருப்பதில் பாதி அளவுக்கு இறங்கிவிடும். வந்த வரத்தெல்லாம் கீறலில் போய்விடுகிறது. தள்ளினால் எஞ்சின் செல்ஃபைவிட வேகமாகச் சுற்றும், வரத்து ஒழுகலை முந்திவிடும், வண்டி எடுத்துவிடும்.

கடைசியாகப் பார்த்த மெக்கானிக் அண்ணன் வண்டி சூடாக இருக்கும்போதே, அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார். செல்ஃப் அடிக்கையில் ஆர்பிஎம் காட்டியது, ஆக சென்சார் சரி. ரெயில் அழுத்தம் 110 பாருக்கு மேல் ஏறவில்லை. உடனே பம்பைக் கை காட்டாமல், நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் நிப்பிள்களையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் மாட்டி, நாலு ஒரே அளவு பாட்டில்களில் விட்டார். கழற்றிய ரிட்டர்ன் லைனின் வாயை அடைத்துவிட்டார். தள்ளி ஸ்டார்ட் செய்து 3 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டோம். மூன்று பாட்டில்களில் 20 மில்லிக்குள். மூன்றாம் இன்ஜெக்டரின் பாட்டிலில் 70.

நாலும் ஒரே மாதிரி அதிகமாக வந்திருந்தால் நாலுமே தேய்ந்தவை. நாலும் குறைவாக வந்தும் அழுத்தம் ஏறவில்லை என்றால்தான் பம்பின் மேலும், ரெயிலில் உள்ள வால்வின் மேலும் சந்தேகம் திரும்பும். எத்தனை மில்லி வரலாம் என்ற வரம்பு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பதால், ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் முதல் வேலை. காயிலுக்குப் பதில், கரண்ட் பாய்ந்தால் விரியும் படிகத்தால் இயங்கும் பியசோ வகை இன்ஜெக்டர்களில் இந்த பாட்டில் சோதனையை அப்படியே செய்யக் கூடாது. அவற்றில் பல, ரிட்டர்ன் லைனில் சுமார் 10 பார் எதிரழுத்தம் இருந்தால்தான் சரியாக வேலைசெய்யும்.

பழைய மெக்கானிக்கல் பம்பு வண்டிகளில் கதை நேர்மாறு. ரிட்டர்ன் டியூப் வெடித்திருந்தால் இரவில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கு இறங்கிவிடும். காலையில் எடுக்காது, ஒருமுறை எடுத்துவிட்டால் நாளெல்லாம் தொல்லை தராது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கழற்றுவது ரிட்டர்ன் டியூபை மட்டும்தான். ரெயிலிலிருந்து வரும் இரும்புக் குழாயை எஞ்சின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய தடம்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரிடும்.

மூன்றாம் இன்ஜெக்டரை மட்டும் மாற்றி, புதுச் செப்பு வாஷர் போட்டு, அதன் மேல் பொறித்திருந்த எண்ணை ஸ்கேனர் வழியே கம்ப்யூட்டரில் ஏற்றினார். சூட்டிலேயே செல்ஃப் அடித்ததும் அழுத்தம் 280 பாருக்கு ஏறியது, வண்டி எடுத்துவிட்டது. அப்புறம் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தினார். அண்மையில் மாற்றிய ஃபில்டர்தான், ஆனாலும் இரண்டு மூடி அளவு தண்ணீர் வந்தது. “டீசல் எங்கண்ணே பிடிக்கிறீக?” என்று கேட்டார். சித்தப்பா பெட்ரோல் பங்கில் பிடிப்பதுதான். ஆனால் பிடித்ததை மோட்டார் ரூம் வாசலில், மூடி சரியாக இறுகாத கேனில் வைத்திருந்தார். தண்ணீர் அங்கேதான் புகுந்திருக்க வேண்டும், கீறலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.