செம்மஞ்சேரியைத் தாண்டினால் தண்ணீருக்கு யார் பொறுப்பு?

சென்னையின் ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) செம்மஞ்சேரியிலிருந்து நாவலூருக்குப் போகும்போது சாலையும் மாறாது, அடுக்குமாடிகளின் உயரமும் குறையாது. ஆனால் செம்மஞ்சேரி சென்னை மாநகராட்சி, நாவலூர் ஊராட்சி. தண்ணீருக்கு இந்த எல்லைக்கோடுதான் கணக்கு. வீடு வாங்குபவர்களில் பலர் விசாரிக்காமல் விடுவதும் இதைத்தான்.

சென்னைக் குடிநீர் வாரியத்தை உருவாக்கிய 1978-ஆம் ஆண்டுச் சட்டம் பெருநகரப் பகுதி முழுவதையும் பற்றிப் பேசுகிறது. நடைமுறையில் வாரியம் வீட்டு இணைப்பு கொடுத்துப் பராமரிப்பது மாநகராட்சிக்குள்தான். 2011-ல் 42 உள்ளாட்சிகள் இணைந்து மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 ஆனபோது, பொறுப்பு ஒரே நாளில் கைமாறியது. குழாய் போய்ச் சேர ஆண்டுக்கணக்கானது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லை இதைவிடப் பெரியது. எனவே 'சி.எம்.டி.ஏ. அப்ரூவ்டு' என்பது மனைக்கும் கட்டடத்துக்குமான அனுமதி. மெட்ரோ வாட்டருக்கு, அதாவது குடிநீர் வாரியத்தின் தண்ணீருக்கு, அது உத்தரவாதம் அல்ல.

"பக்கத்திலேயே பெரிய பைப் போகுது சார்" என்பார் விற்பவர். நெம்மேலி கடல்நீர் ஆலையிலிருந்து நகருக்குப் போவதுபோன்ற குழாய்கள் நீரேற்றும் குழாய்கள். நடுவழியில் வீட்டு இணைப்பு எடுத்தால் அழுத்தம் குலைந்து, கடைசித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. மாநகராட்சி எல்லைக்கு வெளியே சில உள்ளாட்சிகளுக்கு வாரியம் மொத்தமாகத் தண்ணீர் தருகிறது. பகிர்மானம் உள்ளாட்சியின் வேலை. தெருவில் தண்ணீர் வராவிட்டால் புகார் இருவருக்கும் நடுவே பந்தாடப்படுவது இதனால்தான்.

தெருக்குழாய் கடைக்கோடியில் இருந்தால் அழுத்தம் குறைவு. அங்கே ஒரு வீடு நேராக மோட்டார் போட்டு உறிஞ்சினால், குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, கசியும் மூட்டு வழியே பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே வரும். முதல் குடம் கலங்கி நாறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதை.

இனி கணக்கு. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் நால்வருக்கு 540. அறுபது வீடுகளுக்கு 32,400 லிட்டர், அதாவது 9,000 லிட்டர் லாரி நான்கு. போர்வெல் வற்றினால் தினமும் இதுதான் செலவு. கீழ்த்தொட்டி குறைந்தது ஒரு நாள் தேவையோடு இன்னொரு லாரித் தண்ணீரும் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் லாரி பாதி இறக்கிவிட்டு நிற்கும். வந்த தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அந்த 26,000 லிட்டர் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லும் பில்டர்கள் குறைவு.

சொத்துவரி ரசீதைக் கொடுப்பது மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா என்று முதலில் பாருங்கள். சென்னை மாநகராட்சி என்றால் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் கேளுங்கள். 'லைன் போட்டாச்சா' என்று கேட்டால் போதாது. 'தண்ணீர் விட்டாச்சா' என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வருடங்கள் ஓடிய தெருக்கள் உண்டு. லாரித் தண்ணீர் வாங்குவதானால், 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள கிராமங்களில் நீரை எடுத்து ஏற்றிச்செல்ல உரிமம் தேவை. அதைக் காட்டச் சொல்லுங்கள். போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, மில்லிகிராமில்) 500-க்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லாதபோது 2,000 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. சோதனையை மழை முடிந்த டிசம்பரில் செய்யாதீர்கள், மே கடைசியில் செய்யுங்கள்.