கூரையில் சோலர்: முற்பணம் கட்டுமுன் ட்ரான்ஸ்போமரை விசாரியுங்கள்

திருகோணமலை உப்புவெளியில் ஒரு மாமி வீட்டுக் கூரையில் பன்னிரண்டு தகடுகள் ஏறி ஐந்து மாதமாகிறது. தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் பெட்டி சுவரில் மாட்டியபடி இருக்கிறது, அதன் பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை. வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் கழிகிறது. அவர் தெருவின் ட்ரான்ஸ்போமரில் இனி இடமில்லையாம். முற்பணம் வாங்கிய நிறுவனம் இதைச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று மாமிக்கும் தெரியவில்லை.

இலங்கையில் கூரைச் சோலருக்கென்று 2016இல் தொடங்கிய 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தில் தொடக்கத்தில் மூன்று வழிகள் இருந்தன. நெட் மீட்டரிங்கில் மிஞ்சும் அலகுகள் கணக்கில் வரவாகுமே தவிரக் காசாகாது. நெட் அக்கவுன்டிங்கில் மிஞ்சுவதற்குக் காசு. நெட் பிளஸில் உற்பத்தி முழுவதும் விற்பனை. பின்னவை இரண்டுக்கும் ஒப்பந்தம் 20 வருடம்.

இடமில்லை என்பது முழுப் பொய்யல்ல. நண்பகலில் கூரைகளெல்லாம் லயினுக்குள் மின்சாரத்தைத் தள்ளும்போது வீடுகளில் எடுப்பாரில்லை. வோல்டேஜ் ஏறுகிறது, இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. நாட்டுக்கும் இதே தலைவலிதான். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் நேர்ந்த கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. தேவை குறைந்து சூரிய மின்சாரம் நிறைந்திருந்த வேளை அது. அந்த ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது. சம்பூரில் 120 மெகாவாட் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அதே மாதந்தான். பெரியவர்களுக்கு விழா, மாமிக்குக் காத்திருப்பு.

ஆகவே முதல் வேலை, மின்சாரக் கந்தோரில் உங்கள் மின் கணக்கிலக்கத்தைக் கொடுத்து, எத்தனை கிலோவாட்டுக்கு அனுமதி கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குவது. அதற்கு முன் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். "கந்தோரில் கதைத்தாயிற்று" என்று விற்பனையாளர் சொன்னால், கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த பொறி, பில்லிலுள்ள பெயர். எங்கள் பக்கத்தில் பாதி பில்கள் இறந்துபோன தகப்பன் பெயரிலோ, இடம்பெயர்ந்து போனவர் பெயரிலோதான் வருகின்றன. பெயர் மாற்றப் போனால் மரணச் சான்றிதழ், காணி உறுதி அல்லது காணி அனுமதிப்பத்திரம், சகோதரர்களின் சம்மதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஒரே தடவையில் பட்டியலைச் சொன்னால் யாருக்கு என்ன நட்டமோ! வங்கிக் கடனுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அலகு விலையில் பக்கத்து வீட்டுக்காரரை நம்ப வேண்டாம். தொடக்கத்தில் சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், பிறகு 15.50. அதன்பின் விலை பலமுறை மாறிவிட்டது. உங்களுக்குரியது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படுவதுதான். பழைய விலையில் கணக்குப் போட்டுத் தவணை எடுத்தவர்கள் இப்போது கையிலிருந்து கட்டுகிறார்கள்.

கரண்ட் போனாலும் வீட்டில் விளக்கு எரியும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பற்றரி இல்லாத சாதாரண அமைப்பு, லயின் நின்றவுடன் தானும் நிற்கும். கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது.

கந்தோரில் இழுத்தடித்தால், மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம். அதற்கு விண்ணப்பப் பிரதியில் திகதி முத்திரை வேண்டும். மாமியிடம் பிரதி இருந்தது, முத்திரை இல்லை. போன செவ்வாய் புதிதாக விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். வரிசையில் கடைசி ஆள்.