மண் வெப்பமானி: எந்த ஆழத்தின் சூட்டை அளக்கிறோம்?

மண்ணின் வெப்பநிலையை அளக்க வெப்பமானி வாங்க முனைபவர்கள், முகப்பில் எத்தனை தசம இலக்கம் தெரிகிறது, விலை என்ன என்ற இரண்டையும்தான் பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். கருவியின் தண்டு எவ்வளவு நீளம், அந்தத் தண்டின் எந்தப் பகுதி வெப்பத்தை உணர்கிறது என்பவை தெரியாவிட்டால், முகப்பில் தெரியும் எண் எந்த இடத்துக்கு உரியது என்பதே தெரியாமல் போய்விடும். மாடித்தோட்டத்தின் வளர்ப்புப் பைக்கும் கொல்லையில் இடுப்புயரம் குவித்துவைத்த உரக்குவியலுக்கும் ஒரே வெப்பமானி பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம். இங்கே சொல்லப்படும் வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் உள்ளவை.

மண்ணில் ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வெயிலால் சூடேறும் மேற்பரப்பிலிருந்து வெப்பம் மெதுவாகக் கீழிறங்குகிறது. பகலில் ஏறி இரவில் தணியும் இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையாக மண்ணுக்குள் செல்கிறது. செல்லச் செல்ல அது வலுவிழப்பதோடு காலத்திலும் பின்தங்குகிறது. ஓரளவு ஈரமுள்ள தோட்ட மண்ணில், சுமார் 10 முதல் 12 செ.மீ. ஆழத்தில், அந்த அலையின் வீச்சு மேற்பரப்பில் இருந்ததில் 37 விழுக்காடாகக் குறைந்துவிடும். இன்னும் அதே அளவு கீழே போனால் 14 விழுக்காடுதான் மிஞ்சும். தாமதமும் அப்படியே கூடுகிறது. அந்த 10, 12 செ.மீ. தொலைவைக் கடக்க அலைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் ஆகிறது. மேற்பரப்பு பிற்பகல் 1 மணிக்கு உச்சச் சூட்டை அடைந்தால், ஒரு சாண் ஆழத்தில் அந்த உச்சம் இரவு 9 மணியளவில்தான் வந்து சேரும். ஆண்டு முழுவதற்குமான பருவகால அலைக்கும் இதே கணக்குதான். அதன் காலம் 365 மடங்கு நீண்டது என்பதால், அது ஊடுருவும் ஆழம் 365இன் வர்க்கமூலமான 19 மடங்காகி, 2 மீட்டரளவை எட்டுகிறது. ஆழமான கிணற்றின் நீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாகவும் சித்திரை நண்பகலில் குளிர்ந்தும் தோன்றுவதற்குக் காரணம், நீரின் வெப்பநிலை ஏறக்குறைய மாறாமலிருக்க, மேலே உள்ள காற்று மட்டும் மாறுவதுதான்.

ஆகவே ‘மண்ணின் வெப்பநிலை 32 டிகிரி’ என்று மட்டும் சொன்னால் அது அரைகுறைச் செய்தி. எந்த ஆழத்தில், எந்த நேரத்தில் என்பதும் அதனுடன் சேர வேண்டும். உலக வானிலை அமைப்பு 5, 10, 20, 50, 100 செ.மீ. என்று நிலையான ஆழங்களை வரையறுத்திருப்பதும், இந்தியாவின் வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 செ.மீ. ஆழங்களில் மண் வெப்பமானிகளைப் புதைத்துவைத்திருப்பதும் இதனால்தான். வீட்டுத் தோட்டக்காரருக்கு இவற்றில் இரண்டு போதும்: விதை முளைக்கும் 5 செ.மீ. ஆழம், வேர் பரவும் 10 முதல் 15 செ.மீ. ஆழம்.

தோட்டக்கலைக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது, வட்டமான முகப்பும் கூரான எஃகுத் தண்டும் கொண்ட முள் வெப்பமானி. மின்கலம் இல்லாமலே இயங்கும் இக்கருவியின் உயிர், ஈருலோகப் பட்டை எனப்படும் உறுப்பு. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகத் தகடுகளைப் பிரிக்க முடியாதபடி ஒட்டினால், சூடு ஏறும்போது ஒன்று அதிகமாக நீளவும் மற்றொன்று பின்தங்கவும் பட்டை வளைகிறது. ஒரு மீட்டர் நீளப் பித்தளையை ஒரு டிகிரி சூடாக்கினால் அது சுமார் 19 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீள்கிறது; இரும்புடன் 36 விழுக்காடு நிக்கல் சேர்ந்த இன்வார் என்ற கலப்புலோகமோ ஒன்றிரண்டு மைக்ரான்தான் நீள்கிறது. சார்லஸ் எதுவார் கியோம் 1896இல் கண்டறிந்த இந்தக் கலப்புலோகமும் அதையொட்டிய ஆய்வுகளும் அவருக்கு 1920இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றுத் தந்தன. விரியும் உலோகம் ஒன்றும் ஏறக்குறைய விரியாத உலோகம் ஒன்றும் இணையும்போது வளைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாகிறது.

வெப்பமானியின் தண்டுக்குள் இந்தப் பட்டை சுருள்வில்லாகச் சுற்றப்பட்டிருக்கிறது. சுருளின் கீழ்முனை தண்டின் நுனியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். மேல்முனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தண்டினூடே ஏறி முகப்பிலுள்ள முள்ளைப் பிடித்திருக்கும். சூடு மாறும்போது சுருள் முறுக்கிக்கொள்கிறது அல்லது தளர்கிறது. அந்தத் திருகலே முள்ளைச் சுழற்றுகிறது. இதிலிருந்து வாங்குபவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. வெப்பத்தை உணர்வது தண்டின் நுனிப்புள்ளியும் அல்ல, முழுத் தண்டும் அல்ல. கீழ்ப்பகுதியில் சுருள் அமைந்திருக்கும் சில செ.மீ. நீளம்தான். பல கருவிகளில் சுருள் 5 செ.மீ. வரை நீண்டிருக்கும். காட்டப்படும் எண், அந்த நீளம் முழுவதற்கும் உரிய ஒருவகைச் சராசரி. தண்டை மண்ணில் 3 செ.மீ. மட்டும் செருகினால் சுருளின் ஒரு பகுதி காற்றில் நிற்கும். அப்போது கருவி மண்ணையும் காற்றையும் கலந்து சொல்லும். சில தண்டுகளில் சிறு குழி அல்லது வரைகோடு இருக்கும். அது சுருள் முடியும் இடத்தைக் குறிக்கிறது. அப்படி அடையாளமிட்ட கருவியைத்தான் நான் விரும்புவேன், ஏனெனில் தயாரித்தவர் இந்தச் சிக்கலை எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அது ஒரு சான்று.

இலக்கத் திரை கொண்ட கருவிகளில் சுருளுக்குப் பதிலாகத் தெர்மிஸ்டர் என்ற சிறு மின்தடை இருக்கும். உலோக ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த பீங்கான் மணி அது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைகிறது. 25 டிகிரியில் 10,000 ஓம் தடை கொண்டவை மிகவும் புழக்கத்தில் உள்ளன. மணி மிகச் சிறியது, தண்டின் நுனியிலேயே அமர்வது. எனவே 5 செ.மீ. ஆழத்தை மட்டும் தனித்து அளக்க முள் கருவியைவிட இதுவே நேர்மையானது, எண் நிலைபெறும் நேரமும் குறைவு. மின்னணுவியலில் கைப்பழக்கம் உள்ளவர்கள் டிஎஸ்18பி20 என்ற உணரியை எஃகு உறையில் வாங்கி நிலையாகப் புதைத்துவைக்கிறார்கள். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அதன் பிழை அரை டிகிரிக்குள் அடங்கும். இவற்றின் பலவீனம் உணரியில் இல்லை, தலைப்பகுதியில் இருக்கிறது. உரக்குவியலிலிருந்து எழும் ஈர ஆவி திரைக்குள்ளும் மின்கல அறைக்குள்ளும் புகுந்துவிட்டால் கருவி நெடுநாள் தாங்காது.

வேறு சிலவற்றை விரைவாக ஒதுக்கிவிடலாம். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி வெப்பமானி 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். ஏறிய எண்ணை உதறும்வரை பிடித்தும் வைத்துக்கொள்ளும். பாதரசக் கண்ணாடிக் குழாய் மண்ணில் உடைந்தால் நச்சு அங்கேயே தங்கிவிடும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்தம் 2017இல் நடைமுறைக்கு வந்தபின் அத்தகைய கருவிகள் சந்தையிலிருந்து விலகிவருவதும் நல்லதே. துப்பாக்கி வடிவிலான அகச்சிவப்பு வெப்பமானி மேற்பரப்பின் சூட்டை மட்டுமே அறியும். மூடாக்கு போட்ட பாத்தியிலோ, அது மேலே கிடக்கும் சருகின் சூட்டைத்தான் சொல்லும். மாறாக, சமையலறையில் இறைச்சியைச் சோதிக்கும் 12 செ.மீ. தண்டுள்ள முள் வெப்பமானி, மண் வெப்பமானியேதான். பெயரும் விலையும் மட்டும் வேறு.

குளிர் நாடுகளில் மண் வெப்பமானி ‘விதைக்கும் அளவுக்கு மண் சூடேறிவிட்டதா’ என்ற கேள்விக்கு விடை தேடுகிறது. தமிழ்நாட்டின் சமவெளியில் கேள்வி பெரும்பாலும் தலைகீழானது. வெண்டை விதை 16 டிகிரிக்குக் கீழே முளைக்கத் தயங்கும், 35 டிகிரியில் உற்சாகமாக முளைக்கும். அதற்கு நம் ஊரில் வெப்பமானியே தேவையில்லை. தக்காளி 30 டிகிரியை ஒட்டி விரைவாக முளைக்கும், 35 டிகிரியைத் தாண்டினால் தடுமாறும். லெட்யூஸ் கீரையோ மண் 30 டிகிரியை எட்டினாலே உறக்கநிலைக்குப் போய்விடுகிறது. விதை கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலர் தூக்கியெறிவது, நிழலில் குளிர்ந்த மண்ணில் வைத்திருந்தால் முளைத்திருக்கக்கூடிய நல்ல விதையைத்தான். நீலகிரியில் உருளைக்கிழங்கு பயிராவதற்கும் மண் வெப்பநிலை ஒரு காரணம்: கிழங்கு உருவாக 15 முதல் 20 டிகிரி உகந்தது, அதற்கு மேலே போகப்போகச் செடி இலையாகத் தழைக்குமே தவிரக் கிழங்கு வைக்கத் தயங்கும்.

மாடித்தோட்டத்தில் இக்கணக்கு இன்னும் சிக்கலாகிறது, ஏனென்றால் வளர்ப்புப் பையில் வெப்பம் மேலிருந்து மட்டும் வருவதில்லை. பையின் மேற்குப் பக்கச் சுவரில் பிற்பகல் வெயில் நேராக விழுகிறது. தளத்தின் சூடு கீழிருந்து ஏறுகிறது. பல காய்கறிகளின் வேர்கள் 35 டிகிரிக்கு மேல் தளரத் தொடங்கும் என்பதால், பையின் நடுவிலும், மேற்குச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளியும், பிற்பகல் 3 மணியளவில் அளந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். வேறுபாடு பெரிதாக இருந்தால் நீரைக் கூட்டுவதைவிடப் பைகளை நெருக்கி வைப்பதும், மேற்குப் பக்கத்தில் தென்னங்கீற்றால் மறைப்பதும் பயன்தரும். இந்த வேலைக்கு 15 செ.மீ. தண்டும், 0 முதல் 60 டிகிரி வரையிலான அளவுகோலும் போதும். முள் கருவிகளின் பிழை பொதுவாக முழு அளவுகோலில் ஒன்று, இரண்டு விழுக்காடு என்று கணக்கிடப்படுவதால், 120 டிகிரி வரை காட்டும் கருவியைவிட 60 டிகிரி வரை காட்டும் கருவியில் அதே விழுக்காட்டுப் பிழை பாதியாகிவிடுகிறது.

உரக்குவியலுக்குத் தேவைப்படுவது வேறு கருவி. அங்கே சூடு வெளியிலிருந்து வருவதன்று. நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது உள்ளிருந்தே பிறப்பது. சருகும் சாணமும் காய்கறிக் கழிவும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை என்பதால், பிறந்த சூடு நடுவில் தேங்குகிறது. 40 டிகிரி வரை மித வெப்ப நுண்ணுயிர்களும், அதற்கு மேல் வெப்பம் விரும்பும் நுண்ணுயிர்களும் பொறுப்பேற்கின்றன. 65, 70 டிகிரியைத் தாண்டினால் அவையும் மடியத் தொடங்கும். நோய்க்கிருமிகள் அழிய எவ்வளவு சூடு, எவ்வளவு நாள் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, கழிவுநீர்ச் சேற்றை உரமாக்குவதற்காக 1993இல் வகுத்த விதி பரவலாகப் பின்பற்றப்படுகிறது: மூடிய கலத்தில் 55 டிகிரிக்குக் குறையாமல் 3 நாள்; திறந்தவெளி நீள்குவியலில் 15 நாள், அதற்குள் ஐந்து முறை புரட்டுதல். புரட்டச் சொல்வதற்குக் காரணம், ஓரத்தில் இருப்பவை ஒருபோதும் 55 டிகிரியை எட்டுவதில்லை என்பதுதான்.

ஒரே குவியலின் நடுவுக்கும் ஓரத்துக்கும் 20 டிகிரிகூட வேறுபடலாம் என்னும்போது, பத்தில் ஒரு டிகிரியைக் காட்டும் திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அந்தப் பணத்தைத் தண்டின் நீளத்துக்குக் கொடுக்கலாம். ஒரு மீட்டர் உயரமும் அகலமும் உள்ள குவியலின் மையத்தை அடைய 50 செ.மீ. தண்டு வேண்டும், பண்ணைகளில் எழுப்பும் பெரிய குவியல்களுக்கு 90 செ.மீ. தண்டு. தண்டு தடிமனாக இருக்க வேண்டும். முகப்பு ஆவி புகாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். அளவுகோல் குறைந்தது 80 டிகிரி வரை செல்ல வேண்டும். தடிமனான தண்டில் முள் நிலைபெறச் சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் குறைவான எண்ணே கிடைக்கும். குவியலில் செருகும்போது முகப்பைப் பிடித்து அழுத்துவதும் திருகுவதும் கூடாது; கடப்பாரையால் வழி செய்துகொண்டு தண்டைப் பிடித்து இறக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் 20 லிட்டர் வாளியில் உரம் செய்பவர்களுக்கு நீண்ட தண்டுக் கருவி வீண் செலவு என்றே சொல்வேன். அவ்வளவு சிறிய அளவில் பிறக்கும் சூடு பக்கங்களின் வழியே உடனே வெளியேறிவிடுவதால் பெரும்பாலும் 55 டிகிரி வருவதே இல்லை. மட்குதல் மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

தனியான ஓர் எண்ணைவிட, நாள்தோறும் ஒரே இடத்தில் ஒரே ஆழத்தில் எடுத்த எண்களின் போக்குதான் அதிகம் பேசும். ஏறி, உச்சத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கினால் உள்ளே காற்று தீர்ந்துவருகிறது என்று கொண்டு புரட்டலாம். புரட்டிய பின் மறுபடி ஏறினால் இன்னும் உணவு மிச்சமிருக்கிறது. ஈரம் போதிய அளவு இருந்தும் ஏறவில்லையென்றால் உரம் முதிர்ச்சியை நெருங்கிவிட்டது. ஈரம் என்ற நிபந்தனையை மறக்கக் கூடாது. கோடையில் காய்ந்துபோன குவியலும் முதிர்ந்த குவியலைப் போலவே குளிர்ந்திருக்கும். ஒரு பிடியைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். மண்புழு உரம் தயாரிப்பவர்களுக்கு இந்தக் கருவி கூடுதலாக ஒரு உயிர்காப்பு வேலையும் செய்கிறது. சாணமும் கழிவும் முதலில் சூடேறித் தணிய வேண்டும். 35 டிகிரிக்கு மேல் இருக்கும் படுக்கையில் விட்ட புழுக்கள் தப்பியோடும் அல்லது மடியும். நடுப்பகுதி 30 டிகிரிக்குக் கீழே வந்து சில நாள்கள் அங்கேயே நின்ற பிறகு புழுக்களை விடுவதே பாதுகாப்பானது.

கடைசியாக, வாங்கிய கருவியைச் சோதிப்பது. இறக்குமதியாகும் பல கருவிகள் ஃபாரன்ஹீட் அளவில் மட்டுமே இருக்கும். அதில் 131 என்பது 55 டிகிரி, 160 என்பது 71 டிகிரி. நொறுக்கிய பனிக்கட்டியை ஒரு குவளை நிறைய எடுத்து, இடைவெளிகள் நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, சுருள் முழுகும்படி தண்டை வைத்துக் கலக்கினால் முள் 0 டிகிரியில் நிற்க வேண்டும். கொதிநீரிலும் சோதிக்கலாம், ஆனால் ஊரின் உயரத்தைப் பொறுத்து அந்த எண் மாறும்: சென்னையில் 100 டிகிரி, கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள உதகையில் ஏறத்தாழ 93 டிகிரி. பல முள் கருவிகளில் முகப்பின் பின்புறம் ஒரு மரை இருக்கும். பனிநீரில் தண்டு இருக்கும்போதே அதைத் திருகி முள்ளைச் சரிசெய்துவிடலாம். அந்த வசதி இல்லாத இலக்கக் கருவியில், பிழை எத்தனை டிகிரி என்று ஒரு சிறு தாளில் எழுதிக் கருவியின் பின்னால் ஒட்டிவைத்து, ஒவ்வொரு முறையும் அதைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ள வேண்டும்.