சேற்றுக்குள் கிடந்த ரோமச் சாலை

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே லெர்மோஸ் என்ற ஊர் இருக்கிறது. ஊரை ஒட்டிய சமவெளி ஒரு காலத்தில் வெறும் சதுப்பு. 1990களில் அந்தச் சதுப்பைத் தோண்டியபோது, கரிய மண்ணுக்கு அடியில் மரத்தண்டுகள் பக்கம் பக்கமாக அடுக்கியபடி கிடைத்தன. ரோமர்கள் போட்ட 'வியா கிளாடியா அகஸ்டா' சாலையின் ஒரு துண்டு அது.

இத்தாலியிலிருந்து ரெஷன், ஃபெர்ன் ஆகிய இரு கணவாய்களையும் தாண்டி, டான்யூப் நதி வரைக்கும் போன சாலை இது. இந்தப் பெயரும் கதையும் நமக்குத் தெரிவது இரண்டு மைல்கற்களால்தான். இன்றைய இத்தாலியில் உள்ள ஊர்களான ராப்லாந்தில் 1552இல் ஒன்றும், செசியோமஜோரேவில் 1786இல் இன்னொன்றும் கிடைத்தன. "என் தந்தை துரூசஸ் போரிட்டு ஆல்ப்ஸைத் திறந்து வகுத்த வழியை நான் சாலையாக அமைத்தேன்" என்ற பொருளில் பேரரசர் கிளாடியஸ் அவற்றில் சொல்கிறார்.

கல்லில் ஆண்டு என்று எதுவும் கிடையாது. ஆனால் 'ட்ரிப்யூன்' அதிகாரத்தை ஆறாம் முறை ஏற்றிருப்பதாக ஒரு வரி வருகிறது. பேரரசர்கள் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் அதிகாரம் அது. கிளாடியஸ் பதவிக்கு வந்தது கி.பி. 41 ஜனவரியில். அப்படியானால் ஆறாவது முறை என்பது 46 ஜனவரி முதல் 47 ஜனவரி வரை.

சரி, அரசர் சொல்லிவிட்டார். சாலை உண்மையிலேயே அப்போதுதான் போடப்பட்டதா? மலையில் இதற்கு விடை தேடுவது கடினம். பாறையில் வண்டிச் சக்கரத் தடங்கள் ஆழமாகப் பதிந்திருக்கும். பார்த்தால் ரோமர் காலத்தவை என்றே தோன்றும். ஆனால் ரோமர்களுக்குப் பின் பல நூற்றாண்டுகள் வணிகர்களின் வண்டிகளும் அதே வழியில்தான் ஏறின. எந்தத் தடம் யாருடையது என்று பாறை காட்டிக்கொடுக்காது.

சதுப்பு காட்டிக்கொடுக்கும். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைகளுக்குக் காற்று வேண்டும். தேங்கிய நீரில் ஊறிய மண்ணுக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. மேலே பாசியும் புல்லும் அரைகுறையாக மக்கிப் படிந்துகொண்டே போக, கீழே இருந்த தண்டுகள் கிட்டத்தட்ட 2,000 ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டன. அந்தத் தண்டுகளை அங்கே போட்டதற்கும் சேறுதான் காரணம். குறுக்கே நெருக்கமாக அடுக்கிய தண்டுகள் வண்டியின் பாரத்தை அகலமாகப் பரப்பிவிடும், சக்கரம் புதையாது.

அடுத்தது வளையங்களை எண்ணும் வேலை. மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளர்க்கிறது. நல்ல கோடை வந்தால் அகலமான வளையம், குளிர்ந்த கோடையில் ஒல்லியானது. ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே வானிலையை அனுபவிப்பதால், அகலமும் ஒடுக்கமும் மாறி மாறி வரும் வரிசை அவற்றில் ஒத்துப்போகும். இன்று நிற்கும் மரத்தின் உள் வளையங்கள் பழைய வீட்டு உத்தரத்தின் வெளி வளையங்களோடு பொருந்தும். உத்தரத்தின் உள் வளையங்கள் அதைவிடப் பழைய மரத்தோடு பொருந்தும். இப்படிக் கோத்துக்கொண்டே பின்னால் போனால், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒரு வளைய நாட்காட்டி கிடைக்கும். சதுப்பில் எடுத்த தண்டின் வரிசை அதில் எங்கே பொருந்துகிறது என்று பார்க்க வேண்டியதுதான். ஒன்று முக்கியம்: தண்டில் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருக்க வேண்டும். அதுதான் மரம் வெட்டுப்பட்ட ஆண்டு. மேல்பக்கம் செதுக்கப்பட்டிருந்தால் எத்தனை வளையம் போயிற்றென்று தெரியாது.

லெர்மோஸ் தண்டுகளில் அந்த வளையம் இருந்தது. விடை: கி.பி. 46.

ஒருபக்கம் அரசரின் பட்டங்களை வைத்துப் போட்ட கணக்கு, மறுபக்கம் ஆல்ப்ஸின் கோடைகளை வைத்துப் போட்ட கணக்கு. ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டும் ஒரே ஆண்டில் வந்து நிற்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம், எல்லாத் தண்டுகளும் 46ஆம் ஆண்டினுடையவை அல்ல. பிந்தைய ஆண்டுகளில் வெட்டியவையும் கிடைத்தன. சாலை சேற்றில் அமிழ அமிழ, புதிதாக மரம் வெட்டி வந்து மேலே அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பழுதுபார்ப்புகளைப் பற்றி எந்த மைல்கல்லும் பேசவில்லை.