கதவுச் சத்தத்தில் மயங்குகிறவர்களுக்கு: முதல் சொகுசு எஸ்யூவியை ஓட்டிப் பார்ப்பது பற்றி

கதவைச் சாத்தினால் ‘தொம்’ என்று ஒரு சத்தம் வரும். தகரம் அதிராத, அடக்கமான சத்தம். அது தானாக அமைவதில்லை. ரப்பர் பட்டையின் தடிமன், பூட்டின் நாக்கு, கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டிய அதிர்வுத் தடுப்பு என்று ஒவ்வொன்றையும் இழைத்து இழைத்து வரவழைத்த சத்தம் அது. கார் வாங்குகிறவர்களோடு போய் வண்டியை ஆராய்ந்து சொல்வது இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் பிழைப்பு. சொகுசு கார் என்ற படியில் முதல்முறை கால் வைக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சத்தத்திலேயே விழுந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் கண்ணாடிக் கூரை விலகும்போது விழுகிறார்கள். நான் என் கைப்பையிலிருந்து டயரின் காற்றழுத்தம் பார்க்கும் மானியை எடுக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பி.எம்.டபிள்யூ எக்ஸ்1, ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ போன்றவை இந்தப் படியில் நிற்பவை. எக்ஸ்1 நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம்; செங்கல்பட்டு மாவட்டத்தில் 2007 முதல் இயங்கும் ஆலையில்தான் இந்தியாவுக்கான எக்ஸ்1 ஒன்றுசேர்க்கப்படுகிறது. 2009இல் அது முதலில் வந்தபோது பின்சக்கர இயக்கத்தை அடிப்படையாகக் கொண்ட வண்டி. 2015இல் வந்த இரண்டாம் தலைமுறையில் முன்சக்கர இயக்கத்துக்கு மாறிவிட்டது. ‘பின்சக்கரம் தள்ளும் வண்டிதான் ஓட்டுகிறவனின் வண்டி’ என்று பேசியவர்கள் சில நாள் வருத்தப்பட்டார்கள். வாங்குகிறவர்களோ பின்னிருக்கையில் இடம் கூடியதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். ஜிஎல்ஏவின் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் ரெனோவும் மெர்சிடிஸும் சேர்ந்து உருவாக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. 2020இல் இங்கே விற்ற ரெனோ டஸ்டரிலும் அதே குடும்பத்து எஞ்சின்தான் இருந்தது. க்யூ3யும் ஃபோக்ஸ்வேகன் டிகுவானும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. நல்ல எஞ்சினைப் பகிர்ந்துகொள்வதில் தவறென்ன? ஆனால், கூடுதலாகக் கொடுக்கும் இருபது லட்சம் எதற்குப் போகிறது என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முன்முகத்து முத்திரையைப் பார்த்தால் அது தெரியாது.

சென்ற மாதம் சென்னையில் ஒரு பல் மருத்துவர் அழைத்திருந்தார். மேலே சொன்ன வகையில் ஒரு வண்டி. எது என்று சொல்லப்போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. அவர், மனைவி, எழுபது வயதைத் தாண்டிய அம்மா, நான் என்று நான்கு பேர் ஷோரூமுக்குப் போனோம். விற்பனைப் பிரதிநிதி இளைஞர், மரியாதையானவர். “சார், பதினைந்து நிமிடத்தில் ஒரு சுற்றுப் போய் வந்துவிடலாம்” என்றார். அந்தச் சுற்றை நான் அறிவேன். புதிதாகத் தார் போட்ட சாலை, இரண்டு இடதுபுறத் திருப்பம், ஒரு நேர்ப்பாதை. அந்தச் சாலையில் மாட்டு வண்டியும் சொகுசாகத்தான் போகும்.

கிளம்பும் முன் மானியை எடுத்தேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எத்தனை பேர் ஏறினால் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்று எழுதியிருக்கும். அதில் 33 பி.எஸ்.ஐ. மானி காட்டியது 28. நான்கு சக்கரத்திலும் ஏறக்குறைய அதேதான். கவனக்குறைவா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வந்திருக்காது. காற்றுக் குறைந்த டயர் சின்னச் சின்னக் குலுக்கல்களைத் தானே விழுங்கிவிடும். “என்ன மெத்தை மாதிரி இருக்கிறதே!” என்று நீங்கள் சொல்வீர்கள். வீட்டுக்கு வரும் வண்டியில் சரியான காற்றை நிரப்பியதும் அந்த மெத்தை பாயாகிவிடும். பெட்ரோல் பங்கில் 33 வைத்துக்கொண்டு பிறகு ஓட்டினோம். மருத்துவரின் முகத்தில் ஒரு சின்ன மாற்றம்.

டயரைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் எனக்கு வரும் புலம்பல் அழைப்புகளில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். டயரின் பக்கவாட்டில் 225/55 ஆர்18 என்று இருந்தால் அகலம் 225 மில்லிமீட்டர். அதில் 55 விழுக்காடு, அதாவது சுமார் 124 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம். 18 என்பது சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அழகுக்காக 245/45 ஆர்19 போட்டால் பக்கச் சுவர் 110 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் குடிநீர் வாரியமோ மின்வாரியமோ தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தின் விளிம்பில் 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது, அலாய் சக்கரத்துக்கும் கல்லுக்கும் இடையில் இருப்பது அந்தச் சுவர் மட்டும்தான். அது நசுங்கி உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்தால் மறுநாள் காலை டயரின் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு தெரியும். காற்று இறங்கியிருக்காது, வண்டியும் ஓடும். “பார்த்துக்கொள்ளலாம்” என்று நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போகாதீர்கள். அந்தப் புடைப்புக்கு ஒட்டுப் போட முடியாது. டயரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வகை வண்டிகள் பலவற்றில் ரன்-ஃபிளாட் டயர் வரும். பஞ்சரானாலும் பக்கச் சுவரின் பலத்திலேயே பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுவர் விறைப்பாக இருப்பதால் பள்ளத்தின் அடி அப்படியே முதுகுக்கு வரும். சாலையோரப் பஞ்சர் கடையில் கை வைக்கவும் தயங்குவார்கள். ஸ்டெப்னி இருக்கிறதா என்று டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள். சிலவற்றில் காற்றடிக்கும் பம்பும் ஒரு புட்டி ஒட்டுத் திரவமும் மட்டும் இருக்கும். இரவில் விழுப்புரம் தாண்டி நிற்கும்போது அந்தப் புட்டியைப் பார்க்க ஆறுதலாக இருக்காது. இன்னொன்று, ஷோரூமில் ஓட்டக் கொடுப்பது எந்த ரகம், நீங்கள் பணம் கட்டப்போவது எந்த ரகம் என்று சக்கர அளவை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விற்பனை இளைஞரின் சுற்றை விட்டுவிட்டு, மெட்ரோ பணி நடக்கும் மடிப்பாக்கம் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னேன். மாலை ஐந்தரை. அவர் முகம் வாடியது.

இப்போதைய சிறிய சொகுசு எஸ்யூவிகள் பலவற்றில் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்சும் இரட்டைப்படை கியர்களை இன்னொரு கிளட்சும் பிடித்திருக்கும். மூன்றில் ஓடும்போதே நான்கு தயாராகக் காத்திருப்பதால் மாறுவது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் அது தேன். நெரிசலில் கதை வேறு. பழைய வகை ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருக்கும். வண்டி எறும்பாக ஊர்ந்தாலும் அது வழுக்கிக்கொடுத்துவிடும். இரட்டைக் கிளட்சில் ஊர்வதென்றால் கிளட்ச் தகடு பாதி பிடித்து, பாதி உரசிக்கொண்டு நிற்கிறது என்று பொருள். கையால் கியர் போடும் வண்டியில் அரைக் கிளட்சிலேயே ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். எண்ணெயில் மூழ்கிய வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும். உலர்ந்த வகை விரைவில் சூடேறும். அப்போது முதல் கியருக்கும் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வெட்டு தெரியும்.

மருத்துவருக்கும் தெரிந்தது. “ஏதோ தயங்குகிறது சார், அப்புறம் சட்டென்று பாய்கிறது” என்றார். அந்தத் தயக்கத்தில் கியர்பெட்டிக்குப் பாதிப் பங்கு, சிறிய டர்போ எஞ்சினுக்குப் பாதிப் பங்கு. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் அந்த டர்போ விழித்துக்கொள்ளும் வரை அரை விநாடி காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஏசி முழு வேகத்தில் ஓட, நான்கு பேர் உட்கார்ந்திருக்க, சந்திப்பில் திரும்பி உடனே வேகமெடுக்க வேண்டிய இடத்தில்தான் அதைச் சோதிக்க வேண்டும். தனியாக ஓட்டிப் பார்த்தால் தெரியாது. மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. இந்த வண்டிகளில் அதைச் செய்யாதீர்கள். பிரேக்கைப் பிடித்துவைக்கும் ‘ஆட்டோ ஹோல்ட்’ பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது. முன்னால் ஒரு கார் அளவு இடைவெளி விட்டு, பிறகு ஒரேயடியாக நகர்வது கிளட்சுக்கு நல்லது என்று ஏட்டில் சொல்வார்கள். சென்னையில் அந்த இடைவெளியில் இரண்டு ஆட்டோ நுழையும். இருந்தாலும் முடிந்தவரை செய்யுங்கள்.

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், “எப்படி இருக்கிறது அம்மா?” என்று கேட்டேன்.

“உட்கார்வதற்கு நன்றாக இருக்கிறது தம்பி. குனியவும் வேண்டாம், ஏணி வைத்து ஏறவும் வேண்டாம். இறங்கும்போதுதான் புடவை அழுக்காகிறது.”

அவர் சொன்னது மிகச் சரி. கதவின் அடிவிளிம்பு அகலமாக இருந்தது. மழைச் சேறு அங்கே படிந்து, இறங்குகிறவரின் காலைத் தடவி அனுப்பும். எந்த விளம்பரத் தாளிலும் இது இருக்காது. பின்னிருக்கை நடுவில் தரை மேடாக இருந்ததால் மூன்றாவது ஆள் இரு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஐந்து பேர் குடும்பமென்றால் ஐந்து பேரும் போங்கள். வேகத்தடையில் அடிவயிறு உரசுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஓட்டுநர் உதவி வசதிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வெள்ளைக் கோடும் புதிய கோடும் ஒன்றையொன்று வெட்டும் நம் சாலைகளில் வண்டியைக் கோட்டுக்குள்ளேயே ஓட வைக்கும் வசதி ஸ்டியரிங்கை வீணாகச் சுண்டும். அதை அணைத்துவைப்பதில் தவறில்லை. தானாகப் பிரேக் போடும் வசதியை மட்டும் அணைக்காதீர்கள். எச்சரிக்கை எவ்வளவு முன்கூட்டியே வர வேண்டும் என்பதை மாற்றிக்கொள்ள வழி இருந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். ஏசி விசையைக்கூடத் திரைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார்கள். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனி விசை இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதித்தது. அந்தப் பட்டியலில் ஏசி இல்லை. ஓடும் வண்டியில் குளிரைக் குறைக்க எத்தனை முறை திரையைத் தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ரேடியல் சாலையில் சற்றே வழி கிடைத்தபோது வண்டியின் குணமே மாறியது. 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் தானாகக் கனம் கூட்டிக்கொண்டது. பாலத்து இணைப்புகளை ஒரே அசைவில் கடந்து அடங்கியது, இரண்டாம் முறை ஆடவில்லை. பிரேக் மிதியில் பாதத்தின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவே பிடிப்பு. கூடுதலாகக் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது. மாதம் இருமுறை திருச்சியோ கோவையோ போகிறவருக்கு இது ஒவ்வொரு பயணத்திலும் கையில் கிடைக்கும். வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு ஆறு கிலோமீட்டர் ஊர்கிறவருக்கு ஆண்டில் நான்கு நாள் கிடைக்கும்.

விலைக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 விழுக்காடு. அதற்கு மேல், தமிழ்நாட்டில் 20 லட்சத்தைத் தாண்டிய கார்களுக்குச் சாலை வரி 20 விழுக்காடு. 50 லட்சம் வண்டி என்றால் பத்து லட்சம் அங்கேயே போய்விடும். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்பு இணைப்பை விட்டுவிடாதீர்கள். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்களே, அவர்களில் எஸ்யூவி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். உயரமான வண்டி என்பது தோற்றத்தில். பல கார்களில் மின்னணுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் இருக்கைக்கும் தரைவிரிப்புக்கும் அடியில்தான் இருக்கின்றன. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. உறிஞ்சிய தண்ணீரை எஞ்சினால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

திரும்பி வரும்போது தற்செயலாகக் கேட்டேன்: “தினமும் யார் ஓட்டப்போகிறீர்கள்?” மருத்துவர் மனைவியைக் காட்டினார். வங்கிக்குப் போய்வர அவருக்குத்தான் வண்டியாம். ஒரு மணி நேரமாக அவர் முன்னிருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்!

வண்டியை ஓரமாக நிறுத்தி இடம் மாறினார்கள். அவர் ஐந்தடி உயரம் இருப்பார். இருக்கையை மேலே ஏற்றினார், முன்னே இழுத்தார், கண்ணாடிகளைத் திருப்பினார். முதல் வலதுபுறத் திருப்பத்திலேயே பிரேக்கை மிதித்தார். “இந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு ஆட்டோ முழுதாக மறைந்துவிடுகிறது” என்றார். முன்கண்ணாடியின் ஓரத்தூண் கவிழ்ந்தால் நசுங்காமலிருக்கப் பருமனாகச் செய்யப்படுகிறது. குள்ளமானவர் இருக்கையை முன்னே இழுக்கும்போது அது கண்ணுக்கு நெருங்கி இன்னும் அதிகமாக மறைக்கும். தலையைச் சற்று முன்னே நீட்டிப் பார்த்துத் திரும்பப் பழக வேண்டும், இல்லையென்றால் வேறு வண்டி பார்க்க வேண்டும்.

ஷோரூமில் முன்பணப் படிவம் மேஜையில் தயாராக இருந்தது. மருத்துவர் பேனாவை எடுத்தார். மனைவி அந்த இளைஞரிடம், திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு இதே வண்டியை வங்கி வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். வீடு வரை தானே ஓட்டிப் பார்ப்பதாகவும், தாங்கள் வாங்க நினைக்கும் ரகத்தின் சக்கரத்தோடு, 33 காற்று வைத்து வர வேண்டும் என்றும் சொன்னார். அந்த இளைஞர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மானியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.