பல் எக்ஸ்ரே மெஷினுக்கு உரிமம்: குமரி மாவட்டக் கிளினிக்குகள் எங்கே தவறுகின்றன

கன்னியாகுமரி மாவட்டத்தில் கதிர்வீச்சு என்று சொன்னதுமே எல்லோருக்கும் மணவாளக்குறிச்சி மணல்தான் நினைவுக்கு வரும். அந்த மணலில் மோனசைட் உண்டு, மோனசைட்டில் தோரியம் உண்டு. அதைப் பிரித்தெடுக்கும் ஐ.ஆர்.இ.எல். ஆலையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்க்கிற அதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான், மார்த்தாண்டத்தில் மாடியில் ஒரே ஒரு நாற்காலி போட்டு நடத்தும் பல் கிளினிக்கின் எக்ஸ்ரே மெஷினுக்கும் உரிமம் தருகிறது. 1983-இல் அமைக்கப்பட்டு மும்பையில் இயங்கும் இந்த வாரியத்தை டீலர்கள் 'ஏ.ஈ.ஆர்.பி.' என்பார்கள். இங்கேயும் அப்படியே சொல்லலாம்.

மணலுக்கும் மெஷினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மணல் இரவும் பகலும் கதிர்வீசிக்கொண்டே இருக்கும். எக்ஸ்ரே டியூப் பொத்தானை அழுத்தியிருக்கும் அந்தக் கண நேரம் மட்டுமே கதிர் விடும், பிறகு அறையில் எதுவும் மிஞ்சாது. 'எக்ஸ்ரே எடுத்த ரூமுக்குள்ளே உடனே போகக்கூடாது' என்று பணியாளர்கள் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது பொத்தான் அழுத்தும்போது எங்கே நிற்கிறோம் என்பதற்குத்தான்.

யாருக்கு உரிமம் வேண்டும்

2004-இல் வந்த அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி எந்தப் பல் எக்ஸ்ரே மெஷினையும் ஏ.ஈ.ஆர்.பி. அனுமதி இல்லாமல் இயக்கக்கூடாது. வாய்க்குள் ஃபிலிமோ சென்சாரோ வைத்து ஒன்றிரண்டு பல்லை மட்டும் எடுக்கும் சின்ன மெஷின், முழுத் தாடையையும் சுற்றி எடுக்கும் ஓ.பி.ஜி., முப்பரிமாணப் படம் தரும் சி.பி.சி.டி. என மூன்றுக்கும் இது பொருந்தும்.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் அடிக்கடி வரும். 'ஜே.டி. ஆபீஸில் கிளினிக்கைப் பதிவு செய்தாச்சே' என்பது ஒன்று. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நாகர்கோவிலில் இணை இயக்குநர் அலுவலகத்தில் செய்யும் பதிவு கிளினிக்குக்கானது. எக்ஸ்ரே மெஷினுக்கான அனுமதி அதற்குள் வராது. 'நாங்க ஆர்.வி.ஜி.தானே வச்சிருக்கோம்' என்பது இன்னொன்று. ஆர்.வி.ஜி. என்பது கதிரை வாங்கிப் படமாக்கும் சென்சார். கதிர் விடுவது சுவரில் மாட்டிய டியூப். சென்சாரை எத்தனை முறை மாற்றினாலும் உரிமம் டியூபுக்குத்தான்.

தவறு தொடங்கும் இடம்: வாங்கும்போது

உரிமச் சிக்கல்களில் பெரும்பாலானவை மெஷின் வாசலுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு எக்ஸ்ரே மாடலும் ஏ.ஈ.ஆர்.பி.யின் 'டைப் அப்ரூவல்' பெற்றிருக்க வேண்டும், அதை விற்பவரும் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும். 'அதே கம்பெனி, அதே மாதிரி' என்று டீலர் சொன்னால் போதாது. மாடலின் பெயரும் எண்ணும் டைப் அப்ரூவல் சான்றில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள், அதன் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், கேமரா மாதிரி கையில் பிடித்து எடுக்கும் மெஷின்களில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். டைப் அப்ரூவல் இல்லாத மெஷினுக்கு எவ்வளவு நல்ல படம் வந்தாலும் பிறகு உரிமம் வாங்க வழி கிடையாது, போட்ட பணம் போனதுதான். டைப் அப்ரூவல் இருக்கிற கைப்பிடி மெஷினிலும், கதிர் வெளிவரும் குழாயான கோனின் நுனியில் ஒரு வட்டமான ஈயக் கலப்புத் தடுப்பு இருக்கும். நோயாளியின் முகத்தில் பட்டுத் திரும்பி வரும் கதிர், எடுப்பவர் மேல் படாமல் காப்பது அதுதான். 'பார்வையை மறைக்குது' என்று அதைக் கழற்றி வைத்தாலும் சரி, நோயாளியைச் சாய்த்துப் படுக்க வைத்து மெஷினைக் கோணலாகப் பிடித்தாலும் சரி, காப்பு வளையத்தை விட்டு நம் முகமும் கழுத்தும் வெளியே வந்துவிடும். பேச்சிப்பாறைப் பக்கம் காணி குடியிருப்புகளில் முகாம் நடத்தும்போது கைப்பிடி மெஷின் உதவும் என்பது உண்மை. கிளினிக்கில் அன்றாடம் எடுப்பதற்கு சுவரில் மாட்டும் மெஷினே நல்லது.

பழைய மெஷின் வாங்கினாலும் இதே கதைதான். விற்கும் மருத்துவர் தன் பெயரில் இருக்கும் உரிமத்தையும் சேர்த்துக் கொடுக்க முடியாது. உரிமம் மெஷின், இடம், நிறுவனம் மூன்றையும் சேர்த்துத் தரப்படுகிறது. மூன்றில் எது மாறினாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

இ-லோராவில் விண்ணப்பிப்பது

விண்ணப்பம் முழுக்க ஏ.ஈ.ஆர்.பி.யின் 'இ-லோரா' என்ற இணையதளத்தில்தான். முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும். பான் எண், முகவரிச் சான்று, கிளினிக்கின் பொறுப்பாளரின் அடையாள அட்டை ஆகியவை தேவைப்படும். விதிகளின் மொழியில் இந்தப் பொறுப்பாளரின் பெயர் 'வேலையளிப்பவர்'. எது தவறினாலும் கேள்வி அவரிடம்தான் வரும், மெஷினை இயக்கியது யாராக இருந்தாலும் சரி.

இங்கே கொடுக்கும் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும். டீலரின் பையனே எல்லாவற்றையும் நிரப்பித் தருவது வழக்கம்தான், அதில் தவறில்லை. ஆனால் அவருடைய மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் 5 வருடம் கழித்துப் புதுப்பிக்கும்போது கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியிருக்கும். அதற்குள் அவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

பதிவு முடிந்ததும் மெஷினை இயக்கப்போகிறவர்களின் விவரத்தைச் சேர்க்க வேண்டும். மெஷினைக் கொடுத்ததை விற்பனையாளர் தன் பக்கத்தில் பதிவு செய்வார், வந்து சேர்ந்ததை நீங்கள் உறுதி செய்ய வேண்டும். டியூபின் வரிசை எண்ணைப் பெட்டியில் ஒட்டியிருப்பதைப் பார்த்து எழுதாமல், மெஷினில் பொறித்திருப்பதைப் பார்த்து எழுதுங்கள். ஓர் எண் பிசகினாலும் தரச் சோதனை அறிக்கையோடு ஒத்துப்போகாமல் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். மெஷினைப் பொருத்தியதும் தரச் சோதனை செய்து, அந்த அறிக்கையைச் சேர்த்து உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும்.

தரச் சோதனை

'கியூ.ஏ.' என்று சொல்லப்படும் இந்தச் சோதனையை ஏ.ஈ.ஆர்.பி. அங்கீகரித்த நிறுவனம்தான் செய்ய வேண்டும். 2 ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம். டியூபை மாற்றினாலோ பெரிய ரிப்பேர் நடந்தாலோ உடனே செய்ய வேண்டும். பலர் உரிமத்தின் 5 ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

சோதிப்பவர் 10 நிமிடத்தில் முத்திரை குத்திவிட்டுக் கிளம்பினால் சந்தேகப்படுங்கள். அவர் பார்க்க வேண்டியவை பல. காட்டும் கிலோவோல்ட்டுக்கும் வெளிவரும் கிலோவோல்ட்டுக்கும் 5-க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. டைமர் 10 சதவீதத்துக்கு மேல் தவறக்கூடாது. ஒரே அமைப்பில் பலமுறை எடுத்தால் கதிரின் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். டியூப் உறையில் கசிவு இருக்கிறதா, நீங்கள் நிற்கும் இடத்திலும் சுவருக்கு அப்பாலும் எவ்வளவு கதிர் வருகிறது என்றும் அளக்க வேண்டும். 70 கிலோவோல்ட் வரை இயங்கும் மெஷினில் மொத்த வடிகட்டல் 1.5 மி.மீ. அலுமினியத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த அலுமினியத் தகடு, படத்துக்குப் பயன்படாமல் கன்னத்தோலில் மட்டும் தங்கிவிடும் மென்கதிரைத் தடுக்கிறது.

குளச்சல், முட்டம் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஸ்விட்சையும் கேபிளையும் அரித்துவிடும். பொத்தானை விட்டதும் கதிர் நிற்க வேண்டும். பொத்தான் ஒட்டிக்கொள்வது போலத் தோன்றினால் அடுத்த நோயாளியை உட்கார வைக்காமல் மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நாற்காலி எந்தப் பக்கம் பார்க்கிறது

பெரும்பாலான கிளினிக்குகள் வாடகைக் கட்டடத்தில், ஒரு ஹாலைப் பிளைவுட்டால் தடுத்து நடப்பவை. பிளைவுட்டும் ஜிப்சம் பலகையும் பார்வையைத்தான் மறைக்கும், கதிரை மறைக்காது. காத்திருப்போர் பெஞ்ச் அந்தத் தடுப்பை ஒட்டியே கிடக்கும். தடுப்புக்கு ஈயத் தகடு அடிப்பதற்கு முன்னால் செலவில்லாத ஒரு வழியைப் பாருங்கள். கோன் பெரும்பாலும் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கட்டடத்தின் வெளிச்சுவர் வருமாறு நாற்காலியைத் திருப்புங்கள், பெஞ்சை எதிர்ப்பக்கம் நகர்த்துங்கள். 9 அங்குலக் கெட்டிச் செங்கல் சுவர் சின்னப் பல் மெஷினுக்கு நல்ல காப்பு. ஹாலோ பிளாக் சுவர் தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே பொந்து என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.ஜி., சி.பி.சி.டி. மெஷினுக்குத் தனி அறையும், இயக்குபவருக்குத் தடுப்பும், நோயாளியைப் பார்க்க ஈயக் கண்ணாடியும் வேண்டும்.

வாசலில் கதிர்வீச்சுச் சின்னமும், 'கர்ப்பமாக இருந்தால் எக்ஸ்ரே எடுக்கும் முன் சொல்லுங்கள்' என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள். களியக்காவிளைப் பக்கமென்றால் மலையாளத்திலும் எழுதினால் நல்லது. ஆங்கில ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிவிட்டு 'போர்டு வச்சிருக்கோமே' என்பதில் யாருக்கும் பயனில்லை.

படம் எடுக்கும்போது

இயக்குபவர் நோயாளியிடமிருந்து 2 மீட்டராவது தள்ளி, கதிர்க்கற்றைக்குச் செங்குத்தான பக்கத்திலோ அதற்குச் சற்றுப் பின்னாலோ நிற்க வேண்டும். 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்குப் போனால் அவர் மேல் படும் கதிர் நாலில் ஒன்றாகிவிடும். அதனால்தான் பொத்தானின் கேபிள் நீளமாகத் தரப்படுகிறது. சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுத் தொங்கவிடுவதற்காகத் தரவில்லை.

குழந்தையின் வாயில் சென்சார் நழுவாமல் இருக்க உதவியாளரே விரலால் பிடித்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. இது கூடவே கூடாது. ஒரு படத்தின் கதிர் சின்னதுதான், ஆனால் அந்த விரல் தினமும் நேர்க்கற்றையிலேயே வருகிறது. ஹோல்டர் வாங்குங்கள். அதுவும் முடியாவிட்டால் குழந்தையோடு வந்த தாயோ தந்தையோ ஈய ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கட்டும். தாய் கர்ப்பமாக இருந்தால் அவரும் வேண்டாம்.

வட்டக் கோனுக்குப் பதில் செவ்வகக் கோனைப் பொருத்தினால் நோயாளி மேல் படும் கதிர் பாதிக்குப் பாதி குறையும். இங்கே அதிகம் பேர் வைத்திருப்பதில்லை. சரியாகக் குறிவைக்காவிட்டால் படத்தின் ஓரம் வெட்டுப்படும் என்பதுதான் தயக்கத்துக்குக் காரணம். ஹோல்டரின் வளையத்தோடு சேர்த்துப் பயன்படுத்தினால் அந்தச் சிக்கலும் தீரும்.

ஏப்ரன் 0.25 மி.மீ. ஈயத்துக்குச் சமமாகவாவது இருக்கட்டும். மடித்து அலமாரியில் திணித்தால் மடிப்பில் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது, அதனால் தொங்கவிடுங்கள். பல் எக்ஸ்ரேக்கு நோயாளிக்கு ஏப்ரனே தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் 2024-இல் சொல்லிவிட்டது. அதைக் காட்டி ஏப்ரனை வாங்காமல் விடாதீர்கள், இங்கே ஆய்வுக்கு வருபவர் ஏப்ரன் எங்கே என்று கேட்பார். ஓ.பி.ஜி. எடுக்கும்போது மட்டும் கழுத்துக்காப்பைக் கழற்றிவிடுங்கள். அதன் நிழல் படத்தில் விழும், மறுபடியும் எடுக்க வேண்டி வரும்.

ஃபிலிம் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. டெவலப்பருக்கு 20 டிகிரி என்றால் ஏறத்தாழ 5 நிமிடம். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி டெவலப்பரில் ஃபிலிம் சீக்கிரமே கருக்கும். கருத்ததும் எடுத்துவிடுவார்கள், படம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அரைகுறையாகக் கழுவியதை ஈடுகட்டுவது கூடுதலாகக் கொடுத்த கதிர்தான். தொட்டியை ஐஸ் தண்ணீரில் வைத்து வெப்பநிலையை அளந்து கழுவினால் கதிர் கொடுக்கும் நேரத்தைக் குறைத்துப் படம் எடுக்கலாம். ஃபிலிம் உறைக்குள் இருக்கும் ஈயத் தாளைக் குப்பையில் போடாமல் தனி டப்பாவில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள்.

டி.எல்.டி. பேட்ஜ்

பணியாளர் எவ்வளவு கதிர் வாங்கினார் என்று காட்டும் இந்த பேட்ஜை 3 மாதத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பணியாளருக்கான வரம்பு, 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக்கூடாது. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. ஒரு சின்னப் பல் எக்ஸ்ரேயில் நோயாளிக்கே 0.01 மில்லி சீவர்ட்டுக்கும் குறைவுதான். ஒழுங்காக நடக்கும் பல் கிளினிக்கில் பேட்ஜின் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யமாகவே வர வேண்டும்.

அப்படி வராமல் கணக்கு ஏறினால் பெரும்பாலும் பேட்ஜை வைத்த இடம்தான் காரணம். எக்ஸ்ரே சுவரில் ஆணியில் தொங்கியிருக்கும், அல்லது ஏப்ரனுக்கு வெளியே குத்தியிருக்கும். நெஞ்சுக்கு நேரே, ஏப்ரனுக்கு உள்ளே குத்த வேண்டும். குமரியில் இன்னொரு காரணமும் சேரும். பேட்ஜுக்குள் இருக்கும் வில்லைகள் டியூபின் கதிரோடு மோனசைட்டின் கதிரையும் சேர்த்தே பதிவு செய்யும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வீடு உள்ள பணியாளர் பேட்ஜைப் பையில் போட்டுத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோனால் மணலின் கணக்கும் அதில் ஏறும். ஆய்வகம் இயற்கைக் கதிரைக் கழிப்பது, யாரும் அணியாமல் ஒப்பிடுவதற்கென்றே உங்களிடம் கொடுத்திருக்கும் கன்ட்ரோல் பேட்ஜைப் பார்த்துத்தான். அது கிளினிக்கில் இருக்க, மற்றது வேறு ஊரில் உறங்கினால் கழித்தல் சரியாக வராது. வேலை முடிந்ததும் எல்லா பேட்ஜையும் எக்ஸ்ரே அறையிலிருந்து தள்ளி, கன்ட்ரோல் பேட்ஜ் இருக்கும் இடத்திலேயே மாட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பெண் பணியாளர் கர்ப்பம் என்று தெரிவித்தால், மீதிக் காலத்தில் கருவுக்கு 1 மில்லி சீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றிக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டு நிறுத்தத் தேவையில்லை.

இடம் மாறினால், மெஷினைக் கழித்தால்

தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குக் கிளினிக் மாறினால் பழைய உரிமம் கூடவே வராது. புதிய இடத்தில் பொருத்தி, மறுபடியும் தரச் சோதனை செய்து விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை மெஷினை இயக்கக்கூடாது. உரிமம் இல்லாமல் இயங்கும் மெஷினுக்கு சீல் வைக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

பழுதான மெஷினைப் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடையில் தூக்கிப் போட்டுவிட்டால் இ-லோராவில் அது உங்கள் பெயரிலேயே நிற்கும், தரச் சோதனைத் தேதியும் தாண்டிக்கொண்டே போகும். கழிக்கப்போவதை முதலில் இ-லோராவில் பதிவு செய்யுங்கள். மறுபடி யாரும் இயக்க முடியாதபடி டியூபைச் சர்வீஸ் ஆளைக் கொண்டு செயலிழக்கச் செய்து, கதிர்வீச்சுச் சின்னத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஈயத்தையும் எண்ணெயையும் தனியாக ஒப்படையுங்கள். செயலிழந்த டியூபின் வரிசை எண் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.