ஜல்லோ: மஞ்சள் என்று மொழிபெயர்த்தால் மாட்டிக்கொள்வோம்

2007இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்து ஒரு புத்தகம் வெளிவந்தது. 1,128 பக்கம், ஐந்து கிலோவுக்கு மேல் எடை. மடியில் வைத்துப் படிக்கிற சமாச்சாரம் இல்லை, மேசை வேண்டும். இத்தாலியத் திகில் பட இயக்குநர் மாரியோ பாவாவைப் பற்றி திரைப்பட விமர்சகர் டிம் லூகாஸ் எழுதியது. பாவாவைத் தேட ஆரம்பித்தது 1970களின் நடுவில், புத்தகம் கைக்கு வந்தது முப்பது வருடம் கழித்து. முன்பணம் கட்டியவர்கள் பல ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி முன்னுரை எழுதினார். மறு ஆண்டே, அமெரிக்காவில் அறிவியல் புனைவு, திகில் படங்களுக்குத் தரும் சாட்டர்ன் விருதுகளில் சிறப்பு விருது கிடைத்தது, திகில் பட ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தரும் ராண்டோ விருதும் கிடைத்தது. உயிரோடு இருந்த காலத்தில் இத்தாலிய விமர்சகர்கள் அதிகம் கண்டுகொள்ளாத ஒருவருக்கு, இறந்து இருபத்தேழு வருடம் கழித்து இப்படி ஒரு மரியாதை.

அந்தப் புத்தகத்தைப் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும், பாவாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வகை இத்தாலியக் கொலைப் படத்தைக் குறிக்கும் ஒரு சொல்லும் வந்துவிடும். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. தமிழில் அதைப் பெரும்பாலும் ‘ஜியாலோ’ என்று எழுதுகிறோம். நானும் நெடுநாள் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் உச்சரிப்பைச் சரி செய்துகொள்வோம். இத்தாலிய எழுத்தில் ஜகரத்தை அடுத்து ஓர் ‘இ’ நிற்பது உண்மை. ஆனால் அது ஒலிப்பதற்காக நிற்கவில்லை, முன்னால் உள்ள எழுத்தைக் ககரமாகப் படித்துவிடாதே, ஜகரமாகப் படி என்று சொல்வதற்காக நிற்கிறது. கைகாட்டி மரம் மாதிரி. வழியைக் காட்டும், கூடவே வராது. அப்புறம், லகரம் இரட்டை. ஆகவே ‘ஜல்லோ’. பல்லி, கல்லு, நெல்லு என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. வெள்ளைக்காரர்கள்தான் இரட்டை லகரத்தில் தடுமாறுவார்கள். பன்மை வடிவம் ‘ஜல்லி’. ஆமாம், நம் ஜல்லியேதான், ஒலி அளவில். கட்டடம் கட்டுகிற ஜல்லிக்கும் ‘சும்மா ஜல்லி அடிக்காதே’ என்பதற்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. ஆனால் ‘இந்த இயக்குநர் நிறைய ஜல்லி எடுத்திருக்கிறார்’ என்று தமிழில் எழுதினால் ரசிகர் சண்டைக்கு வருவார். அதனால் பன்மையை விட்டுவிட்டு ‘ஜல்லோ படங்கள்’ என்று நம் வழக்கப்படி எழுதுவதே நல்லது.

ஜல்லோ என்றால் இத்தாலிய மொழியில் மஞ்சள். வெறும் நிறப்பெயர். முட்டையின் மஞ்சள் கரு, எலுமிச்சம்பழம், சாலைச் சிக்னல் விளக்கின் நடு நிறம், எல்லாவற்றுக்கும் இதுதான் சொல். வேரைத் தேடினால் லத்தீனில் ‘கல்பினுஸ்’ என்ற சொல் கிடைக்கிறது, பச்சை கலந்த மஞ்சள் என்று பொருள். அது பழைய பிரெஞ்சுக்குள் போய் உருமாறி, அங்கிருந்து இத்தாலிக்குத் திரும்பி வந்து ஜல்லோ ஆனது. பிரெஞ்சிலேயே தங்கிய கிளையிலிருந்து ஒரு நோயின் பெயர் பிறந்தது. அது ஆங்கிலம் வழியாக நம் ஊருக்கும் வந்து, டாக்டர் வீட்டுத் திண்ணையில் நாம் தினமும் சொல்லும் ‘ஜாண்டிஸ்’ ஆகிவிட்டது. மஞ்சள் காமாலைக்கும் கொலைப் படத்துக்கும் ஒரே பாட்டி. காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள், சொற்பிறப்பு பார்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் அப்படித்தான்.

சரி, மஞ்சள் எப்படிக் கொலைக் கதை ஆயிற்று? அட்டையால்.

1929இல் மிலானில் இருந்த மொண்டடோரி பதிப்பகம் துப்பறியும் நாவல்களுக்கென ஒரு வரிசை தொடங்கியது. பெரும்பாலும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தவை. அட்டை முழுக்கப் பளிச்சென்று மஞ்சள். ரயில் நிலையக் கடையில் தூரத்திலிருந்தே கண்ணில் படும். வாசகர்கள் எழுத்தாளர் பெயரைக் கேட்பதை விட்டு ‘ஒரு மஞ்சள் கொடு’ என்று கேட்கும் நிலை வந்தது. கொஞ்ச நாளில் எந்தப் பதிப்பகம் போட்டாலும், அட்டை எந்த நிறமாக இருந்தாலும், துப்பறியும் கதை என்றாலே ஜல்லோ. நகல் எடுக்கும் எந்த இயந்திரத்தையும் நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்தக் கதைதான்.

முசோலினி ஆட்சிக்கு இந்த மஞ்சள் பிடிக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கு, அதிலும் குற்றம் பற்றியது. முதலில் இத்தாலிய எழுத்தாளர்களுக்கும் இடம் கொடு என்று நெருக்கினார்கள். அப்புறம் 1941இல் வரிசையையே நிறுத்திவிட்டார்கள். குற்றமே நடக்காத நாடு என்று காட்டிக்கொள்ள விரும்பும் ஆட்சிக்குக் கொலைக் கதை இடைஞ்சல்தான். போர் முடிந்ததும் மஞ்சள் அட்டைகள் மறுபடி கடைக்கு வந்தன, இன்றும் வருகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இத்தாலியர் ஒருவரிடம் ஜல்லோ என்றால் அவர் மனதில் வருவது கறுப்புக் கையுறையும் சவரக்கத்தியும் அல்ல. ஷெர்லாக் ஹோம்ஸும் ஜல்லோ, அகதா கிறிஸ்டியும் ஜல்லோ, தொலைக்காட்சியில் வரும் போலீஸ் தொடரும் ஜல்லோ. நாவலை விட்டு நாளிதழுக்கும் இந்தச் சொல் நகர்ந்துவிட்டது. ஒருவர் காணாமல் போய் விடை கிடைக்காவிட்டால் அது ‘ஒரு ஜல்லோ’. சாதாரண விபத்து என்று நினைத்ததில் சந்தேகம் கிளம்பினால் ‘விவகாரம் மஞ்சள் தோய்கிறது’ என்று தலைப்புப் போடுவார்கள். நம் பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்தால் மங்கலம், அவர்கள் வழக்குக்கு மஞ்சள் பூசினால் மர்மம்.

இத்தாலிக்கு வெளியேதான் கதை வேறு. அங்கே இந்தச் சொல்லை யாரும் புத்தகக் கடையில் கேட்டு வாங்கவில்லை, வீடியோ கேசட்டோடும் ரசிகர் பத்திரிகைகளோடும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள். அதனால் அவர்களுக்கு ஜல்லோ என்றால் ஒரே ஒரு வகைப் படம்: 1960களிலும் 70களிலும் இத்தாலியில் எடுத்த, முகம் தெரியாத கொலையாளி, வரிசையாகச் சாகும் அழகிகள், துருத்திக்கொண்டு நிற்கும் வண்ணங்கள், நச்சென்ற இசை என்று ஒரு கலவை. இத்தாலியர்கள் இதையே தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘இத்தாலிய பாணி ஜல்லோ’ என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருக்கிறது. கடன் வாங்கியவர் வீட்டில் சொல் சுருங்கிவிட்டது, சொந்த வீட்டில் அகலமாகவே இருக்கிறது.

இந்த வகைக்குத் தகப்பன் என்று பாவாவைத்தான் சொல்கிறார்கள். காரணம் இரண்டு படங்கள். முதலாவது 1963இல் வந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘அளவுக்கு மீறித் தெரிந்துகொண்ட பெண்’. ரோமுக்கு விமானத்தில் வரும் அமெரிக்கப் பெண் நோரா, கையில் ஒரு துப்பறியும் நாவலோடுதான் அறிமுகமாகிறாள். அன்று இரவே ஸ்பானியப் படிக்கட்டருகே ஒரு கொலையைப் பார்க்கிறாள், ஒருவரும் நம்பவில்லை. பின்னால் தனியாக வீட்டில் இருக்கும்போது கொலைகாரன் வந்துவிடுவானோ என்று பயந்து அவள் செய்வதைப் பாருங்கள்: அறை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, தரையில் முகப்பவுடரைக் கொட்டிவைக்கிறாள். எல்லாம் நாவலில் படித்த உத்தி. அதாவது, மஞ்சள் அட்டைப் புத்தகம் படித்துக் கெட்டுப்போன ஒரு பெண்ணைப் பற்றிய படம் இது. மொண்டடோரி அட்டைக்கும் திரைக்கும் இடையே இதைவிட நேரான பாலம் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், முதல் ‘மஞ்சள்’ படம் என்று கொண்டாடப்படும் இது கறுப்பு வெள்ளையில் எடுத்தது.

இரண்டாவது, மறு ஆண்டு வந்த ‘கொலைகாரனுக்கு ஆறு பெண்கள்’. இது வண்ணம். சும்மா வண்ணம் இல்லை, பாவா ஒளிப்பதிவாளராக இருபது ஆண்டு உழைத்துவிட்டு இயக்குநர் ஆனவர், சிற்பியும் தந்திரக் காட்சி நிபுணருமான தகப்பனுக்குப் பிறந்தவர். ஓர் ஆடை அலங்கார நிலையம். தலைப்பு ஓடும்போதே நடிகர்கள் ஒவ்வொருவராகத் துணிக்கடைப் பொம்மைகளுக்கு நடுவே, அவையும் இவர்களும் ஒன்றுதான் என்பதுபோல, அசையாமல் நிற்கிறார்கள். கொலையாளிக்கு முகமே இல்லை, வெள்ளைத் துணியால் மூடிய வழவழப்பு, தொப்பி, நீளக் கோட்டு, கையுறை. பின்னணியில் எங்கிருந்து வருகிறது என்றே கேட்க முடியாத பச்சையும் ஊதாவும் சிவப்புமான வெளிச்சம். இந்தக் கொலையாளி வேடத்தைத்தான் அடுத்த பத்துப் பதினைந்து வருடம் எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். 1970இல் இன்னொரு இத்தாலிய இயக்குநரான தாரியோ அர்ஜென்ட்டோவின், தலைப்பிலேயே ஒரு பறவை இருந்த முதல் படம் நன்றாக ஓடியபின், தலைப்பில் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரைச் சேர்த்துப் படம் எடுப்பதே ஒரு தொழிலாகிப் போனது.

ஆனால் பாவாவை ‘ஜல்லோவின் தந்தை’ என்ற ஒரே பலகையின் கீழ் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பேய்ப் படம், ஹெர்குலிஸ் படம், விண்வெளிப் படம், கௌபாய் படம் என்று கிடைத்ததை எல்லாம் எடுத்தவர் அவர். லூகாஸின் புத்தகம் அவ்வளவு தடிமனாக இருப்பதற்கே அதுதான் காரணம். பாவா வெறுமனே ஒளிப்பதிவு மட்டும் செய்த படங்களைக்கூட விடாமல் பேசுகிறது. படித்தவர்கள் கொண்டாடியது அந்த அகலத்தை. அறிமுகம் எழுதுகிறவர்களோ திரும்பவும் அந்த ஒற்றைச் சொல்லிலேயே ஆளை அடைத்துவிடுகிறார்கள். இன்னொன்று, புத்தகத்தின் துணைத்தலைப்பு ‘இருளின் எல்லா வண்ணங்களும்’. அதே பெயரில் 1972இல் ஒரு ஜல்லோ படம் உண்டு. எடுத்தவர் பாவா அல்ல, செர்ஜியோ மார்ட்டினோ.

இனி தமிழுக்கு வருவோம். நேரடியாக ‘மஞ்சள் படம்’ என்று போட்டால் என்ன ஆகும்? நீலப்படம் என்று ஒன்று இருக்கிற மொழியில் மஞ்சள் படம் என்றால் அதன் தம்பி என்றுதான் நினைப்பார்கள். ‘மஞ்சள் நாவல்’ என்றாலும் அதே கதி. தமிழில் அச்சுக்குப் பக்கத்தில் மஞ்சள் வந்தாலே வில்லங்கம். கடன் தீர்க்க முடியாதவர் கொடுப்பது மஞ்சள் கடுதாசி. ஆளை மிரட்டிக் காசு பறிக்கும், அந்தரங்கத்தை அம்பலமாக்கும் ஏடு மஞ்சள் பத்திரிகை. இந்த மஞ்சள் இத்தாலியிலிருந்து வந்ததல்ல, நியூயார்க்கிலிருந்து வந்தது. 1890களில் அங்கே இரண்டு பெரிய நாளிதழ்கள் போட்டி போட்டன, மஞ்சள் அங்கி போட்ட ஒரு கேலிச்சித்திரச் சிறுவன் இரண்டிலும் வந்தான். அவன் சட்டை நிறம் அந்த ரகப் பத்திரிகைக்கே பெயராகி, ஆங்கிலம் வழியாக நம்மிடமும் வந்து சேர்ந்தது. ஒரே நிறம், ஒன்று அட்டையிலிருந்து, இன்னொன்று அங்கியிலிருந்து.

இரண்டு மஞ்சளும் உரசிக்கொள்ளும் இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது. நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி ‘இந்துநேசன்’ நடத்திய லட்சுமிகாந்தனை 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தினார்கள், இறந்துபோனார். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள். 1947இல் விடுதலையானார்கள். கொன்றது யார் என்று இன்றுவரை தெரியாது. தமிழில் அது மஞ்சள் பத்திரிகைக்காரர் கொலை வழக்கு. மிலானில் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னால் ‘அசல் ஜல்லோ’ என்பார். இரண்டு பேரும் மஞ்சளைத்தான் சொல்கிறார்கள், சொல்வது வேறு வேறு.

எனவே நிறத்தை மொழிபெயர்க்கக் கூடாது. மிச்சம் என்ன இருக்கிறது? ‘துப்பறியும் படம்’ என்றால் நடுவில் ஒரு துப்பறிவாளர் வேண்டும். பாவா பாணிப் படங்களில் போலீஸ் பெரும்பாலும் தாமதமாக வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுப் போகும், துப்புத் துலக்குவது எதையோ பார்த்துத் தொலைத்த அப்பாவி. ‘திகில் படம்’ என்றால் பேய் வரும் என்று டிக்கெட் எடுப்பார்கள், இதில் கொல்வது மனிதன்தான். ‘க்ரைம்’ என்ற சொல்லும் தமிழாகிவிட்டது, மாத நாவல் படித்த தலைமுறைக்கு அதுதான் பழக்கம். ஆனால் வங்கிக் கொள்ளையும் க்ரைம்தான்.

இத்தாலியர் சொல்கிற அகலமான பொருளுக்கு ‘மர்மம்’ அச்சாகப் பொருந்துகிறது. மர்ம நாவல் என்கிறோம். ‘மர்மமான முறையில் இறந்து கிடந்தார்’ என்று செய்தித்தாளிலும் எழுதுகிறோம். புத்தகத்துக்கும் வழக்குக்கும் ஒரே சொல், அங்கே ஜல்லோவுக்கு இருப்பதுபோலவே. போதாததற்கு, வடமொழி மூலத்தில் மர்மம் என்றால் அடிபட்டால் உயிர் போகும் இடம். வர்மக்கலையின் வர்மம் இதன் மறு உருவம்தான். மறைவானது என்ற பொருளும் கொல்லும் புள்ளி என்ற பொருளும் ஒரே சொல்லில் இருக்கும்போது வேறு எதற்குப் போக வேண்டும்?

பாவாவும் அர்ஜென்ட்டோவும் எடுத்த அந்தக் குறிப்பிட்ட வகையைச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் ‘ஜல்லோ’ என்றே வைத்துக்கொள்ளலாம். முதல் முறை வரும்போது ‘இத்தாலியக் கொலை மர்மப் படம்’ என்று ஒரு வார்த்தை விளக்கிவிட்டால் போதும். இட்லிக்கு யாரும் மொழிபெயர்ப்புத் தேடுவதில்லை. ஜியாலோ என்று மட்டும் எழுத வேண்டாம், அந்த ‘இ’ வெறும் கைகாட்டி மரம்.